பாட்டு யார் பாட்டு?



நம்ம கல்லூரிக் கலைவிழாவில் மெல்லிசைப் போட்டி நடக்கும்போது மேடையில் என்ன அறிவிக்கிறார்கள் என்று கவனித்ததுண்டா? "அடுத்து ஒரு இளையராஜா பாட்டு", "இது ரஜினி பாட்டு", "இது எஸ்.பி.பி. பாட்டு"... இசையமைப்பாளர், நடிகர், பாடகர் என்று மூன்று பேருக்குப் பாட்டைப் பங்கு வைத்தாச்சு. எழுதின மனுஷன் மட்டும் பந்தியில் இலை கிடைக்காதவன் மாதிரி வெளியே நிற்கிறார். இது நியாயமா?

நம்ம ஊர்க்காரரிடமிருந்தே தொடங்குவோம். 1908ல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், 1949ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். பொத்தானை அமுக்கினால் பலகாரம் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும் என்று ஆசைப்படுகிற பாட்டு. ஆட்டோமேஷன் பாடத்தை அப்போதே நடத்தியாச்சு! அதை நாம் 'என்.எஸ்.கே. பாட்டு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எழுதியவர் உடுமலை நாராயணகவி. கலைவாணரின் சிரிப்புக்குள் சிந்தனையை வைத்துக் கொடுத்த அந்தப் பேனாவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் கட்சி. 1930ல் பிறந்து 1959ல், 29 வயதில் போய்விட்டார். படிப்பை முடித்து வேலை தேடும் நம்ம அண்ணன்மார் வயசு! 'நாடோடி மன்னன்' (1958) படத்தில், உழைத்தவனுக்கு என்ன மிஞ்சியது என்று கேள்வியும் பதிலுமாகப் போகிற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசவேண்டியதைச் சில வரிகளில் முடித்துவிட்டார். 'ஆளுக்கொரு வீடு' (1960) படத்தில் தொழிலையும் திறமையையும் பற்றி எழுதியதை நம்ம ஒர்க்‌ஷாப் கதவில் ஒட்டி வைக்கலாம். கண்ணதாசன் பெரியவர்தான். 1968ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை 'குழந்தைக்காக' படப் பாடலுக்காக வாங்கியவர். ஆனால் கண்ணதாசன் நம்மைத் தேற்றுகிறார், பட்டுக்கோட்டை நம்மை எழுப்பி உட்கார வைக்கிறார். டிப்ளமோக்காரனுக்கு எது வேணும் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்!

"மெட்டு நல்லா இருந்தாப் போதும் மக்கா, வரியை யாருல பாக்கா?" என்று கேட்கிற நண்பர்களும் உண்டு. அவர்களுக்கு நம்ம பாஷையிலேயே பதில் சொல்கிறேன். நம்ம சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், வார்த்தை பிறகு வரும். மெட்டு ஷாஃப்ட் என்றால் வார்த்தை புஷ். கொஞ்சம் கூடினால் இறுகிப் பிடிக்கும், குறைந்தால் ஆடும். அந்த அளவுக்குள் அர்த்தமும் நிற்கவேண்டும், கதையும் நகரவேண்டும். புஷ் சரியாக உட்கார்ந்தால் சத்தமே வராது. அதனால்தானோ என்னவோ எழுதியவர் பெயரும் வெளியே வருவதில்லை!

மேல்நாட்டு ராக் இசையிலும் இந்தக் கதை உண்டு. அங்கே பாடகரே எழுதுவது அதிகம். பாப் டிலனுக்கு 2016ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசே கிடைத்தது. பீட்டில்ஸ் குழு 1967ல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டின் பின்னட்டையில் பாட்டு வரிகளை அச்சடித்ததைப் புதுமை என்று கொண்டாடினார்கள். நம்ம ஊரில் முப்பதுகளிலேயே தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றாச்சு! ஆனால் வேறொருவர் எழுதிக் கொடுத்தால் அங்கேயும் தாமதம்தான். எல்டன் ஜான் பாடிப் புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் பெர்னி டாபின். 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலில் எல்டன் 1994ல் சேர்ந்தார். டாபினுக்கு 2023 வரை காத்திருப்பு!

இது பெயர் சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, வயிறு சம்பந்தப்பட்டது. 2012ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், படம் தியேட்டரில் ஓடுவது தவிர வேறு வழிகளில் பாட்டு பயன்பட்டால் எழுதியவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு என்கிறது. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. ஆனால் பாட்டு யாருடையது என்றே தெரியாத ஊரில் பங்கு யாருக்குப் போய்ச் சேரும்? நாளைக்கு நம்ம வகுப்பிலிருந்தே ஒருத்தன் பாட்டு எழுதப் போகலாம், யார் கண்டது?

படம், பாடியவர், எழுதியவர், இசை என்று நாலையும் சொல்லிவிட்டுப் பாட்டு வைப்பது வானொலியின் பழைய மரியாதை. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ல் தொடங்கியது நம்ம நாகர்கோவிலில்தான். அந்த ஊர்ப் பிள்ளைகள் நாம் அந்த மரியாதையை விடலாமா?

மாணவர் மன்றத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த கலைவிழாவில் பாடுகிறவர் பெயர் கொடுக்கும் சீட்டில் 'பாடலாசிரியர்' என்று ஒரு கட்டம் போடுங்கள், மேடையில் அதை வாசியுங்கள். தெரியாதவருக்கு மார்க் குறைக்க வேண்டாம், தேடிப் பிடிக்க ஒரு நாள் கொடுங்கள். செலவு ஒரு பைசாவும் இல்லை!

பாட்டைக் கேட்போம்... எழுதியவர் யார் என்றும் கேட்போம்!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்