மூன்று இரவுகள் தங்குவோம்

விக்ரோலிக் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரில் மகனுடன் ஒரு வாரம் தங்கித் திரும்பிய மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார். உரோமானியர் கி.பி. 71இல் நிறுவிய நகரம் அது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் பழைய மதில்மீது காலைதோறும் நடந்ததாகச் சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மதுரையில் எத்தனை நாள் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டோம். “வண்டி நிற்கும் நேரம்தான் சார்” என்றார்.

நம்மில் பலருடைய விடையும் இதுவே. கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படுகிறோம். மதுரை நமக்கு ஒரு சந்திப்பு நிலையம். மிஞ்சினால் மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டுப் பிற்பகல் பேருந்தைப் பிடிக்கும் இடம். ஒரு பழைய நகரத்தைப் பார்ப்பது வேறு, அதில் தங்குவது வேறு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

மதுரைக்கும் கோட்டை மதில் இருந்தது. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். இடித்துத் தூர்த்தவர்க்கே அந்நிலம் கிடைத்தது. வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அவ்வாறு எழுந்தவை. அவர் நினைவாக மக்கள் நிறுவிய விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. யார்க் நகராட்சியும் 1800ஆம் ஆண்டையொட்டித் தன் மதிலை இடிக்க முனைந்தது. எதிர்ப்பு எழுந்ததால் பெரும்பகுதி தப்பியது. மதுரை மதிலை இழந்தாலும் வீதிகளை இழக்கவில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்களின் பெயர் தாங்கிய வீதிகள் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்துள்ளன. அவற்றை நடந்தே அறிய முடியும். அதற்குக் காலையும் வேண்டும், இரவும் வேண்டும்.

இரவில் சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளும் காட்சி, பிற்பகல் பேருந்தில் ஏறியவருக்குக் கிட்டாது. 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலுக்கு ஒரு காலைப்பொழுது தேவை. இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு இன்னொன்று. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியிலுள்ள ஒரு வீட்டில்தான். பத்தாண்டுகள் கழித்து, வட இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களை அவர் சந்தித்ததும் அதே உடையில்தான்.

“விடுப்பே பத்து நாள், அதில் விடுதியில் தங்கினால் உறவினர் வருந்த மாட்டார்களா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மும்பையில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது திருமண மண்டபமும் உறவினர் வீட்டுத் திண்ணையுமாகச் சுருங்கிவருகிறது. வீதிப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து, தாமே கடையில் பருத்திப்பால் கேட்டு வாங்கும் பிள்ளைக்கே தமிழ் வழங்கும் நகரம் ஒன்று சொந்தமாகும். அடுத்த தலைமுறை ஊருக்கு வருமா என்பது இத்தகைய சில நாள்களைப் பொறுத்ததே என்று கருதுகிறோம். அந்தப் பெரியப்பாவையும் அத்தையையும் ஒருநாள் மதுரைக்கே அழைத்தால் வருத்தமும் தீரும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுலாவுக்குக் கடன் வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. மாதம் 2,000 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால், ஓராண்டில் 24,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும்; சிறு குடும்பத்தின் எளிய தங்கலுக்கு இது பெரிதும் உதவும். தொடர்வண்டி முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்குகிறது. சித்திரைத் திருவிழா நாள்களில் அறை கிடைப்பது அரிது, வாடகையும் ஏறும். கூட்டம் வேண்டாதவர் வேறு மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று. தங்குபவரின் பணம் பூக்காரர், இட்லிக் கடைக்காரர், சுங்குடிச் சேலை வியாபாரி எனப் பல கைகளுக்குப் போய்ச் சேருகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

யார்க்குக்குச் செல்ல வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாய்ப்பிருப்பவர் அவசியம் செல்லட்டும். அங்கே ஒரு வாரம் தங்க மனம் வருகிற நமக்கு, வழியிலேயே இருக்கும் மதுரையில் மூன்று இரவுகள் தங்கவும் மனம் வரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.