பழைய கணிப்பொறிக்கு மிகைவேகம் தேவையா?

பெங்களூர் நகரத்தில் எஸ்.பி. சாலை என வழங்கும் சாதர் பத்ரப்பா சாலை, கணிப்பொறி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற கடைவீதியாகும். புதிய உறுப்புகளோடு, பிறர் உபயோகித்துக் கழித்தவையும் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அதே நகரத்தில்தான், 2008-ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் ஆறு கருக்கள் கொண்ட ஸியான் செயலியும் வடிவமைக்கப்பட்டது. புதியன தோன்றும் ஊரிலேயே பழையனவும் மலிந்து குவிவது இயல்பே.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவடைந்தது. பழைய செயலிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே, பழுதில்லாத யந்திரங்கள்கூடப் பயனற்றவை என ஒதுக்கப்படும் நிலை ஏற்பட்டுள்ளது. இவற்றில் லினக்ஸை நிறுவிப் பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் உபயோகிப்பது சாலச் சிறந்தது. ஆயினும், அவ்வாறு நிறுவியோர் சிலர் அத்துடன் அமையாது, செயலியை அதன் அளவுக்கு மேல் விரைவுபடுத்த முற்படுகின்றனர். ‘ஓவர்கிளாக்கிங்’ எனப்படும் இம்முறை, பதிவேடுகளைக் காக்கும் யந்திரத்துக்கு ஏற்றதன்று.

லினக்ஸ் 1991-இல் 386 இனச் செயலியின் மீது பிறந்தது. அந்த 386-க்குரிய ஆதரவு 2012 டிசம்பரில்தான் லினக்ஸின் கருவிலிருந்து நீக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் ஒரு செயலியைக் கைவிடாத மென்பொருளை நம்புவதில் தவறில்லை. இதற்கு பெங்களூரிலேயே சான்று உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணிப்பொறி, ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸ் வேகமே உடைய செயலியில் லினக்ஸைக் கொண்டு இயங்கியது. வேலையின் அளவறிந்து மென்பொருளை அமைத்தால், சிறு வேகமும் போதியதாகும் என்பதே அதன் பாடம்.

மிகைவேகம் என்பது யாது? மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் ஓர் அடிப்படைக் கடிகாரத் துடிப்பு உண்டு. அதனை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கச் செயலியின் வேகம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1998-இல் வெளிவந்த ஸெலரான் 300ஏ செயலிக்கு அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் நாலரை, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். துடிப்பை 100 ஆக்கியோர் 450 மெகாஹெர்ட்ஸ் பெற்றனர். இவ்வெற்றியே இக்கலைக்கு உலகெங்கும் புகழ் தேடித் தந்தது.

ஆனால், அப்புகழின் மறுபக்கமும் அறியத்தக்கது. அக்காலத் தாய்ப்பலகைகளில், 33 மெகாஹெர்ட்ஸில் இயங்கவேண்டிய பி.சி.ஐ. இணைப்புத் தடமும் அதே துடிப்பிலிருந்தே தன் பங்கைப் பெற்றது. 66-இல் பாதி 33. 100-இல் மூன்றிலொன்றும் 33. எனவே அவ்விரண்டிலும் தொல்லையில்லை. இடைப்பட்ட 83-ஐத் தேர்ந்தால், பாதி 41-ஐத் தாண்டும். செயலி தாங்கினாலும், அத்தடத்தின் வழியே எழுதப்படும் ஹார்ட் டிஸ்க்கிலுள்ள கோப்புகள் சிதையக்கூடும். ஓர் உறுப்பை விரைவுபடுத்துவதாக எண்ணிப் பல உறுப்புகளை அதன் பின்னே இழுத்துச் செல்கிறோம் என்பது இதனால் விளங்கும்.

வேகத்தோடு உஷ்ணமும் வளர்கிறது. செயலி செலவிடும் இயங்குதிறன், துடிப்பின் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் மாறும். வேகத்தை நூற்றுக்குப் பத்து உயர்த்தி, அது நிலைப்பதற்காக அழுத்தத்தையும் நூற்றுக்குப் பத்து உயர்த்தினால், 1.1-ஐ மும்முறை பெருக்க 1.33 ஆகிறது. 65 வாட் செலவிட்ட செயலி 86 வாட் கேட்கும். பத்துப் பங்கு வேகத்துக்கு முப்பத்துமூன்று பங்கு உஷ்ணம் விலையாகிறது. இவ்வுஷ்ணம் அருகிலுள்ள மின்பகுளிக் கெப்பாசிட்டர்களையும் தாக்கும். பத்துப் பாகை உயர்வுக்கு அவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்த பலகையில் அவை முன்னரே தளர்ந்திருக்கும்.

இடத்தையும் கருதவேண்டும். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்களவு குறைவு. விசிறி சுழன்றாலும் அது தள்ளும் காற்றின் பொருண்மை அதற்கேற்பக் குறையும். ஆயினும் அந்நகரின் குளிர்ச்சி அக்குறையை ஈடுசெய்துவிடும். 24 பாகை உஷ்ணமுள்ள பெங்களூர் அறையில் நிலைத்து ஓடிய யந்திரத்தை, வேலூரில் வைகாசி வெயிலில் 40 பாகையுள்ள வகுப்பறைக்குக் கொண்டுசென்றால், செயலியின் உஷ்ணமும் ஏறக்குறைய அப்பதினாறு பாகை உயரும். ஓரிடத்தில் கண்ட வெற்றி மற்றோரிடத்துக்குச் சான்றாகாது.

இவை யாவற்றினும் கொடியது ஓசையற்ற பிழை. யந்திரம் நின்றுவிட்டால் பழுது என அறிந்து சீர்செய்யலாம். நில்லாமலே ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் அறிவது எங்ஙனம்? சாதாரண மேசைக் கணிப்பொறிகளில் பிழைதிருத்தும் நினைவகம் இராது. 27.4 மில்லிமீட்டர் மழை 37.4 எனப் பதிவானாலும், மாணவன் ஒருவனின் பிறந்த தேதி மாறினாலும், திரையில் எச்சரிக்கை எழாது. லினக்ஸின் கரு சில வன்பொருள் பிழைகளைத் தன் குறிப்பேட்டில் பதியும், எல்லாவற்றையும் அன்று.

“உற்பத்தியாளர் எப்போதும் பாதுகாப்புக்கென ஓர் இடைவெளி விட்டே வேகத்தைக் குறிக்கின்றனர், அதனைப் பயன்படுத்தலாகாதா?” என வினவுவோர் உண்டு. இடைவெளி உண்டென்பது மெய்யே. ஆயின், அது கோடை வெயிலுக்கும், தூசிக்கும், நிலையற்ற மின்சாரத்துக்கும், முதுமைக்கும் விடப்பட்டது. பழைய பலகை அதனில் பெரும்பகுதியை ஏற்கெனவே செலவிட்டிருக்கும்.

மேலும், கிடைக்கும் ஆதாயமும் சிறிது. அறுபது விநாடி வேலை, நூற்றுக்குப் பத்து வேகத்தில் ஐம்பத்தைந்து விநாடியாகக் குறையலாம். அதுவும் வேலை முழுவதும் செயலியையே நம்பியிருந்தால்தான். பழைய யந்திரத்தின் தாமதம் பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறையாலும் ஹார்ட் டிஸ்க்காலும் வருவது. ஹார்ட் டிஸ்க் ஓரிடத்தைத் தேடியடையப் பத்து மில்லிவிநாடியளவு ஆகும்; சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு அதில் நூற்றிலொரு பங்கே போதும். அதனைப் பொருத்தி, நினைவகத்தைப் பெருக்கி, எளிய திரையமைப்புள்ள லினக்ஸை நிறுவினால், செயலியைத் தொடாமலே யந்திரம் புத்துயிர் பெறும். விசிறித் தூசியை அகற்றுதல், செயலியின் மேலுள்ள வெப்பப் பசையைப் புதுப்பித்தல், உப்பிய கெப்பாசிட்டர்களைக் கண்டறிதல் ஆகியவை அதற்கு முன் செய்யவேண்டியவை.

மிகைவேகத்தை அறவே விலக்கவேண்டும் என்பதில்லை. பதிவேடு எதுவுமில்லாத, இழந்தாலும் வருந்தவேண்டாத ஒரு பலகை ஆய்வுக்கூடத்தில் இருக்குமாயின், மாணவர்க்கு அது நல்ல பாடமாகும். துடிப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் எல்எம்-சென்சார்ஸ் நிரலால் உஷ்ணத்தை அளந்து, மெம்டெஸ்ட் சோதனையால் நினைவகப் பிழைகளை எண்ணி, வரைபடமாக்கலாம். எந்த எல்லையில் நம்பகம் குலைகிறது என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

வகுப்பறையிலும் கள அலுவலகத்திலும் உள்ள யந்திரமோ குறித்த வேகத்திலேயே ஓடட்டும். அது இன்று பதியும் எண்ணை நாளை எவரும் ஐயமின்றி எடுத்தாளக்கூடுமானால், ஐந்து விநாடித் தாமதம் ஒரு குறையன்று.