நாள் தள்ளிப்போனால் முதல் வேலை மாத்திரை அல்ல

"நாள் தள்ளிப்போச்சு, வர்றதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க." இந்தக் கோரிக்கை வராத புறநோயாளிப் பிரிவு தமிழ்நாட்டில் இருக்காது. கேட்டவுடன் நாரெத்திஸ்டிரோனையோ மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனையோ ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களிடமும் கிராம சுகாதார செவிலியர்களிடமும் இந்த இதழ் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: கர்ப்பம் இல்லை என்று உறுதியாகாமல், காரணத்தைத் தேடாமல் அந்தச் சீட்டை எழுதாதீர்கள்.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் அதிக அளவில் கலந்த ஈ.பி. மருந்துகளை ஒரு காலத்தில் கர்ப்பமா என்று கண்டுபிடிக்கவே கொடுத்தார்கள். ரத்தம் பட்டால் கர்ப்பமில்லை, படாவிட்டால் கர்ப்பம் என்று கணக்கு. கரு கலையும் என்று நம்பிச் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கேடு வரலாம் என்ற அச்சத்தில் பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே, 1988இல் இந்தியாவில் அவற்றுக்குத் தடை வந்தது. இன்று நாம் எழுதும் மாத்திரை வேறு, அளவும் வேறு. ஆனாலும் மருந்து கொடுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கும் அந்த மனப்போக்கு அப்படியே இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தியதும் ரத்தம் வந்தால் நமக்குத் தெரிவது கொஞ்சம்தான். உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, கருப்பையிலும் பாதையிலும் அடைப்பில்லை. தைராய்டு குறைவா, புரோலாக்டின் கூடியிருக்கிறதா, பிசிஓஎஸ்ஸா என்பது தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணோ "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார். அடுத்த முறை தள்ளும்போது பழைய சீட்டையே கடையில் நீட்டுகிறார். நோய் இரண்டு மூன்று ஆண்டுகள் பெயரில்லாமலே வளர்கிறது.

ஆகவே முதலில் தேதி. "கடைசியா எப்ப வந்துச்சு?" என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று வராது. ஆடிப்பெருக்குக்கு முன்னாலா பின்னாலா, அமாவாசைக்குத் தலைக்கு ஊற்றியிருந்தீர்களா, ரேஷன் வாங்கப் போன வாரமா என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் தொங்கும் காலண்டரைக் காட்டினால் விரல் தானாகச் சரியான இடத்துக்குப் போகும். அதற்கு முந்தைய மாதவிடாயின் தேதியையும் அவசியம் கேட்க வேண்டும். கடைசியாக வந்தது வழக்கம்போல் வந்ததா, இரண்டு சொட்டுப் பட்டதோடு நின்றதா என்பதும் முக்கியம். கருத்தரித்த தொடக்கத்தில் படும் லேசான ரத்தத்தை மாதவிடாய் என்று கணக்கில் சேர்த்து, கர்ப்பத்தின் வயதை ஒரு மாதம் குறைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது கார்டு டெஸ்ட். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தவரா என்று பார்த்து இதைத் தவிர்க்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு அரிதாகக் கர்ப்பம் தரித்தால் அது கருக்குழாயில் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவருக்குத்தான் இந்தச் சோதனை இன்னும் அவசியம். அட்டையின் உறையில் சொல்லியிருக்கும் நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். அதற்குள் தெரியும் கோடு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். காய்ந்த பிறகு தெரியும் கோட்டைக் கணக்கில் கொள்ளக் கூடாது. நெகட்டிவ் என்றால், ஒரு வாரம் கழித்தும் வராவிட்டால் காலைச் சிறுநீரில் மறுபடி பார்க்க வேண்டும். பாசிட்டிவோடு ஒரு பக்க அடிவயிற்று வலி, மயக்கம், தோள்பட்டை வலி இருந்தால் ஸ்கேனுக்கு நாளை வரச் சொல்லக் கூடாது. அன்றே, அந்த நேரமே அனுப்ப வேண்டும்.

இந்தக் கேள்விகளை மாமியாரையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் உண்மை வராது. எடை பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்க என்று சொல்லித் தனியே அழைத்துக்கொள்ள நம் எல்லோராலும் முடியும்.

டெஸ்ட் நெகட்டிவ், வேறு தொந்தரவும் இல்லை என்றால் எத்தனை நாள் பொறுக்கலாம்? பெரியவர்களுக்கு 24 முதல் 38 நாள் வரையான சுழற்சி இயல்பு என்கிறது ஃபிகோ. மாதத்துக்கு மாதம் ஒரு வாரம் முன்பின் ஆவதும் இயல்பே. காய்ச்சல், பரீட்சை, இரவுப்பணி, வீட்டில் ஒரு சாவு என ஏதாவது ஒன்றால் ஒரு முறை தள்ளிப்போனால் பயப்பட ஒன்றுமில்லை என்று தைரியம் சொல்லி அனுப்பலாம். ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்கு 3 மாதம் வராவிட்டால் பரிசோதனை தொடங்கியாக வேண்டும்.

வயதுக்கு வந்த பிள்ளைகளின் விஷயம் தனி. முதல் ஆண்டில் தாறுமாறாக வருவது இயல்பு. மூன்று ஆண்டு வரை 45 நாள் இடைவெளியும் இயல்புதான். முதல் ஆண்டு கழிந்தபின் ஒரே ஒரு இடைவெளி 90 நாளைத் தாண்டினாலும் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் 14 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்கு அனுப்பி "நீர்க்கட்டி" என்று எழுதி வாங்குவது எவ்வளவு பெரிய அநியாயம்! வளரிளம் பெண்களிடம் பிசிஓஎஸ்ஸைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அந்த வயதில் சினைப்பையில் நிறைய நுண்பைகள் தெரிவது இயல்பு. அந்த ஒரு வரி ரிப்போர்ட்டோ, "இவளுக்குக் குழந்தை பிறக்குமா" என்ற பயத்தை அந்தக் குடும்பத்தில் பத்து வருஷத்துக்கு விதைத்துவிடுகிறது. உண்மையாகவே பிசிஓஎஸ் உள்ளவருக்கு மாதக்கணக்கில் ரத்தம் படாமல் விட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக் கேடாகலாம். அங்கே புரோஜெஸ்டிரோன் மாத்திரைக்கு நியாயமான இடம் உண்டு. காரணம் தெரிந்து, திட்டமிட்டுக் கொடுப்பது அது.

நாமே எழுதிக் கொடுத்த மருந்துகளைக் கேட்க மறந்துவிடுகிறோம். கேஸ் மாத்திரை என்று மாதக்கணக்கில் தொடரும் டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு கலவைகள் புரோலாக்டினை ஏற்றி மாதவிடாயை நிறுத்தக்கூடியவை. மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோனும் அப்படியே. அந்தரா ஊசி போட்டவருக்கு வராமலிருப்பது எதிர்பார்க்கக்கூடியது என்பதை ஊசி போடும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். கோயில் திருவிழாவுக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்டார்களா என்றும் கேளுங்கள். கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள்.

தவறவிடக் கூடாத சிலர் உண்டு. 15 வயதாகியும் வயதுக்கு வராத பெண். அதிலும் மாதாமாதம் அடிவயிறு வலித்து, சிறுநீர் அடைத்துக்கொண்டு வருபவர். பாலூட்டாதபோதும் மார்பில் பால் கசிகிறது, தலைவலியோடு பார்வையும் மங்குகிறது என்பவர். 40 வயதுக்குள் மாதவிடாய் நின்று உடம்பு திகுதிகுவென்று எரிகிறது என்பவர். பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போய், அதன்பின் பாலே சுரக்காமல், ஒரு வருஷமாக மாதவிடாயும் திரும்பாமல், எந்நேரமும் சோர்ந்தே கிடக்கும் தாய். இந்தக் கடைசி வகையினருக்கு "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பிட்யூட்டரி செயலிழந்த ஷீஹன் நோயாக இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் அவர் உயிர் பிழைப்பார்.

பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பெண்ணுக்கு டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால், போலீஸ் பயத்தால் அவளைத் திருப்பி அனுப்பிவிடும் வழக்கம் நிற்க வேண்டும். கருக்கலைப்புச் சிகிச்சையின்போது போக்சோ சட்டப்படி தகவல் கொடுக்கையில், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயர் விவரங்களை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியிருக்கிறது. நாம் திருப்பி அனுப்பினால் அவள் போகும் இடம் எங்கே என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டில் "மாதவிடாய்க் கோளாறு" என்று மட்டும் எழுதாமல், கடைசி இரண்டு மாதவிடாய்த் தேதிகள், கார்டு டெஸ்ட் எடுத்த நாளும் முடிவும், எடை, சாப்பிடும் மருந்துகள், டிஎஸ்ஹெச் பார்த்திருந்தால் அதன் அளவு, அண்மையில் மாத்திரை கொடுத்து வரவைத்திருந்தால் அந்தத் தேதி ஆகியவற்றையும் எழுதி அனுப்புங்கள்.