தானே அடங்கும் படபடப்பு

வார இறுதிப் பார்ட்டி முடிந்து படுக்கும்போது நெஞ்சு திடீரெனத் தாறுமாறாக அடிக்கிறது. நாடி பிடித்துப் பார்த்தால் ஒரு சீரே இல்லை. காலையில் எழுந்தால் எல்லாம் சரி! 'கேஸ்தான்' என்று ஒரு சோடாவோடு மறந்துவிடும் இளைஞர்கள் பலர்.

அது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' ஆகவும் இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் படபடக்க, கீழறைகள் தாளம் தப்பித் துடிக்கும். அதிகம் குடித்தவர்களிடம் வார இறுதி, விடுமுறையை ஒட்டி இது வருவதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் பிலிப் எட்டிங்கர் குழு, 1978-ல் 'ஹாலிடே ஹார்ட்' என்றே பெயர் வைத்தது.

வேறு இதயக் கோளாறு இல்லாத இளையவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே சரியாகிவிடும். இளையவர்களுக்கு மட்டுமல்ல. 2019-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது அறுபதுக்கு மேல். ஷாக் கொடுக்காமல், துடிப்பின் வேகத்தை மட்டும் மருந்தால் குறைத்துக் காத்திருந்ததில் 69 சதவிகிதம் பேருக்கு 48 மணி நேரத்துக்குள் இதயம் இயல்புக்குத் திரும்பியது.

ஆனால், அவர்கள் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தது, மருத்துவர்கள் பரிசோதித்து மருந்து கொடுத்த பிறகுதான். படபடப்பு நீடித்தால் மேலறையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துவைப்பது முக்கியம்.

இன்னொரு சிக்கல்... அடங்கிய பிறகு எடுக்கும் ஈ.சி.ஜி. நார்மலாகவே இருக்கும். அடிக்கும்போதே போய் எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். அடங்கியிருந்தாலும் தைராய்டு, ரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சு நிற்கும் பிரச்னை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள் மருத்துவர்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் தளர்ச்சி என்றால் உடனே 108.