காங்கேசன்துறைக் கற்குழிகளின் கடன்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. மழையைத் தடுத்து நிறுத்தும் மலையும் இல்லை. எம் முன்னோர் நம்பி வாழ்ந்ததெல்லாம் காலடியிலே கிடக்கும் சுண்ணாம்புக்கல்லையும், அக்கல்லின் துளைகளிலே தேங்கி நிற்கும் மழைநீரையுமே. அந்தக் கல்லை வெட்டி எடுத்து, சூளையிலே சுட்டு, சீமெந்தாக்கி நாடெங்கும் அனுப்பினார்கள். கட்டடம் எழுந்த இடங்கள் பல. குழி விழுந்த இடமோ காங்கேசன்துறை ஒன்றே. அந்தக் குழிகளின் கணக்கை இனியேனும் தீர்க்கவேண்டும் என்பதைச் சொல்லவே இன்று எழுதுகின்றோம்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம். வடபகுதிக்குக் கிடைத்த பெருந்தொழில்களுள் அது முதன்மையானது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. அதனை நாம் மறக்கவில்லை. அந்த ஆலையைப் பழிப்பதும் எமது நோக்கமன்று. 1990 ஆம் ஆண்டு போர் வந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஆலை மூடப்பட்டது. சுற்றியிருந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 2009 இல் போர் முடிந்த பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. ஆயினும் கல் வெட்டிய குழிகள் வாய் பிளந்தபடியே கிடக்கின்றன. ஆலை நடந்த காலம் நாற்பது ஆண்டுகள். அது மூடிக் கிடக்கும் காலமோ முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

‘குழி கிடந்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் எமது கிணறுகளின் கதையை அறியாதவர்கள். குடாநாட்டின் நன்னீர், நிலத்தின் கீழே உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. மேலே கிடக்கும் மண்ணும் கல்லும் அதற்குக் கூரை போன்றவை. கல்லை ஆழமாக வெட்டி எடுத்தால் கூரை பிரிகின்றது. கடலோரத்திலே அவ்வாறு வெட்டினால் உவர் உட்புகும் வழியும் திறக்கின்றது. அக்குழியிலே குப்பையையோ கழிவையோ கொட்டினால் அது குழியோடு நிற்பதில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக அயலூர்க் கிணறுகளை நாடிச் செல்லும். சுன்னாகத்திலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புவரை சென்றதை வாசகர்கள் அறிவார்கள். நட்டஈடு வழங்குமாறு நீதிமன்றம் பணித்தது. பணம் கொடுக்கலாம், கெட்ட கிணற்றைப் பணத்தால் உடனே திருத்த முடியுமா?

கைவிடப்பட்ட கற்குழிக்கு எந்தக் கதி நேரக்கூடும் என்பதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. பல உயிர்கள் மாண்டன. அதன் பின்னர் கொழும்பின் குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்க்க மும்முரமாகப் பார்த்த இடம் எது? புத்தளம் அருவாக்காட்டிலே சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட நிலம்! தங்கள் நிலமும் நீரும் கெடும் என்று புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். தலைநகரின் கண்ணுக்குக் கற்குழி குப்பைத் தொட்டியாகவே தோன்றுகின்றது என்பதை இதிலிருந்து நாம் அறிந்துகொள்ள வேண்டும். உரியவர் உரிய காலத்திலே குழிக்கு ஒரு பயன் வகுக்காவிட்டால், வேறு யாரோ வேறெங்கோ இருந்து வகுப்பார்கள்.

ஆனால் வேறு வழியும் உண்டு. கனடாவின் விக்டோரியா நகருக்கு அருகே பட்சார்ட் என்னும் சீமெந்து முதலாளி சுண்ணாம்புக்கல் வெட்டிய குழியை, அவர் மனைவி ஜெனி அம்மையார் மண் கொண்டுவந்து நிரப்பிப் பூந்தோட்டமாக்கினார். தாழ்நிலத் தோட்டம் என வழங்கும் அப்பகுதி 1921 ஆம் ஆண்டு நிறைவுற்றது. உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் இன்றும் அதனைக் காணச் செல்கின்றார்கள்.

அது செல்வர் வீட்டுக் கதை என்பீர்களாயின், எம்மைப் போன்ற வெப்ப நாடாகிய கென்யாவைப் பாருங்கள். மொம்பாசா நகருக்கு அண்மையில், கடலோரத்திலே, பம்புரி சீமெந்து ஆலை வெட்டிய நிலம் வெறும் பவளச் சுண்ணாம்புப் பாறையாகக் கிடந்தது. மண் இல்லை, நிழல் இல்லை, குழியிலே ஊறியதும் உவர்நீரே. ரெனே ஹாலர் என்னும் வேளாண் அறிஞர் 1971 ஆம் ஆண்டு அங்கே இருபத்தாறு வகை மரங்களை நட்டுப் பார்த்தார். தப்பியவை மூன்றே வகை. அவற்றுள் முதன்மையானது சவுக்கு. காரைநகர்க் கடற்கரையிலே நாம் நன்கறிந்த அதே மரம். உதிர்ந்த சவுக்கிலைகள் உக்காமல் கிடந்தபோது, அவற்றைத் தின்று மண்ணாக்கும் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். இவ்வாறு மண் பிறந்தது. மண்ணிலே வேறு மரங்கள் முளைத்தன. பறவைகளும் விலங்குகளும் வந்தன. 1984 ஆம் ஆண்டு அவ்விடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எமது கரைகளையும் சூறையாடிய 2004 ஆம் ஆண்டுச் சுனாமியின்போது அநாதையாகக் கரையொதுங்கிய ஒரு நீர்யானைக் குட்டிக்கு அடைக்கலம் கொடுத்ததும் அந்தப் பூங்காவே. மரம் நட்ட நாளுக்கும் வாயில் திறந்த நாளுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் சென்றன என்பதையே நாம் இங்கு சுட்டிக்காட்டுகின்றோம். முதலில் வந்தது மரம். பின்னரே வந்தான் உல்லாசப் பயணி.

காங்கேசன்துறையிலே இந்த வரிசை தலைகீழாகிவிடக் கூடாது என்பதே எமது அச்சம். பலாலியிலே 2019 இல் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 இல் பயணிகள் கப்பல் வந்தது. கீரிமலைத் தீர்த்தமும் நகுலேஸ்வரமும் அயலிலேயே இருக்கின்றன. இவற்றைக் கண்டு, குழிக்கரையிலே விடுதி கட்டவும், குழிநீரிலே படகு விடவும் ஆசைப்படுவோர் வரக்கூடும். விடுதி முதலில் எழுந்தால் அதன் கழிவும் அதே குழிக்குத்தான் போகும். பயணி பார்க்க வருவது பசுமையை. அது தோன்றுமுன் கட்டடம் எழுப்புவது நாற்று நடாமல் அறுவடைக்கு ஆள் தேடுவது போலாகும்.

‘வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவே பூங்கா ஒரு கேடா? ஆலையை மீண்டும் இயக்குங்கள்’ என்று கூறுவோரும் உளர். அவர்களுடைய கவலையை நாம் மதிக்கின்றோம். காங்கேசன்துறைக்குத் தொழில் வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மூலப்பொருளை வெளியிலிருந்து தருவித்து அரைக்கும் ஆலை வேறு. எமது கல்லை மீண்டும் தோண்டும் ஆலை வேறு. முன்னதை வரவேற்கலாம். பின்னது, இன்றைய கூலிக்காக நாளைய கிணற்றை விற்பதாகும். மரம் நடுவதிலும், மண் காப்பதிலும், நாற்றுமேடை வளர்ப்பதிலும் ஊர் இளைஞருக்கு வேலை உண்டு என்பதையும் மறக்கலாகாது.

இதற்கான செலவு யாருடையது? 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ், அகழ்பவரே நிலத்தைச் சீர்செய்யவும் பொறுப்பாளி. தனியாரைக் கட்டும் நீதி அரசாங்கத்தைக் கட்டாதா? காங்கேசன்துறையிலே அகழ்ந்தது அரசாங்கத்தின் ஆலை; இலாபம் பெற்றதும் அரசாங்கமே. அச்சட்டம் பிறக்குமுன் வெட்டிய குழி என்று சாட்டுச் சொல்லித் தப்ப முயல்வது நேர்மையாகாது. குழிக்கு வயது அதிகம் என்றால் கடனுக்கு வட்டி அதிகம் என்பதே எமது பதில்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். குழிகளின் நீரும் அயற்கிணறுகளின் நீரும் முறையாகப் பரிசோதிக்கப்பட்டு, முடிவு தமிழிலே மக்களுக்கு வெளியிடப்பட வேண்டும். அங்கே குப்பை கொட்டுவது முற்றாகத் தடுக்கப்பட வேண்டும். இன்னும் விடப்படாத காணிகள் உரியவர்களிடம் சேரவேண்டும். தன் வளவுக்குள் கால் வைக்க முடியாதவனுக்குப் பூங்காவின் வாயிற்சீட்டைக் காட்டுவது கொடுமை. திட்டத்தை வகுக்கும் அதிகாரமும், வரும் வருவாயும் பிரதேச சபைக்கும் மாகாண சபைக்கும் உரியனவாதல் வேண்டும். பணத்தை அரசாங்கம் கொடுக்கட்டும். எந்த மரத்தை எங்கே நடுவது என்பதை எமது ஊர்கள் தீர்மானிக்கட்டும்.

சவுக்கங்கன்று நட அமைச்சர்களும் விழாக்களும் தேவையில்லை. அடுத்த மாரிக்கு முன் முதற்கன்று மண்ணிலே இறங்கினால், இன்று பள்ளி செல்லும் பிள்ளை தன் பிள்ளையை அந்த நிழலுக்கு அழைத்துச் செல்வான். இன்னும் முப்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தால், அவனுக்கு நாம் விட்டுச் செல்வது உவர்க் கிணறே.