கலாசாலைகளும் கால்பந்தாட்டமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்களில் இன்று கலாசாலை இல்லாத திசையே இல்லை. பட்டாபிராமுக்கு அருகில் ஒரு ரயில் நிலையமே ‘இந்து கல்லூரி’ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வழியே சென்றால் இன்ஜினீயரிங் கலாசாலைகளும், வைத்தியக் கலாசாலைகளும், கலை விஞ்ஞானக் கலாசாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணில் படுகின்றன. இவற்றில் பலவற்றில் ஒரு கால்பந்தாட்டக் கோஷ்டி இருக்கிறது. கோஷ்டிக்கு வர்ணச் சட்டை இருக்கிறது; தேகப்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார்; ஆண்டு மலரில் அச்சிடுவதற்கு ஒரு புகைப்படமும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். ஆடுவதற்குப் போதிய பந்தயங்கள் இல்லை.

இது மிகைக் கூற்று என்று நினைப்பவர்கள் இப்பகுதிக் கலாசாலைக் கோஷ்டி ஒன்றின் வருஷக் கணக்கை எடுத்துப் பார்க்கட்டும். வியாசர்பாடியிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ ஆவடிப் பக்கத்துக் கலாசாலை ஒன்றுக்கு வரும் மாணாக்கன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். வட சென்னையில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை அவன். வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் விடியற்காலை மின்சார ரயிலேறி, வெயில் ஏறுமுன் மைதானத்தை அடைகிறான். ஜூன் மாதத்திலிருந்து ஓடுகிறான், உதைக்கிறான், வியர்வை காயாமலே வகுப்பில் போய் உட்காருகிறான். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு சர்வகலாசாலையின் மண்டலப் பந்தயம் வருகிறது. அது தோற்றவர் வெளியேறும் முறையில் நடப்பது. முதற்சுற்றில் எதிர்க்கோஷ்டி ஒரு கோல் அதிகமாகப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். அவனுடைய வருஷம் அந்த மாலையிலேயே முடிந்துவிட்டது. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஆடியதற்குப் பிறகு அடுத்த பந்தயத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். மூன்று வருஷப் படிப்பில் மூன்றே பந்தயங்கள் ஆடிவிட்டுப் பட்டம் பெற்றுப் போகிறவர்கள் இருக்கக்கூடும் என்பதை நினைத்தால் நமக்கு வருத்தம் உண்டாகிறது.

கணக்கு எளிதானது. பதினாறு கலாசாலைகள் இம்முறையில் மோதினால் மொத்தம் 15 பந்தயங்கள் நடக்கும். அவற்றில் எட்டுக் கோஷ்டிகள் ஒரே பந்தயத்தோடு வீடு திரும்பும். நான்கு கோஷ்டிகள் இரண்டோடு திரும்பும். இறுதிவரை செல்லும் இரண்டு கோஷ்டிகளுக்கு மட்டுமே நான்கு பந்தயங்கள் கிடைக்கும். ஆக, யாருக்கு அனுபவம் மிகுதியும் தேவையோ அவர்களுக்கு மிகக் குறைவாகவும், யார் ஏற்கெனவே வல்லவர்களோ அவர்களுக்கு மட்டும் சற்று அதிகமாகவும் கிடைக்கும்படி இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் பரீட்சையில் தவறிய பிள்ளையை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டு, முதல் மார்க்கு வாங்கியவனுக்கு மட்டும் தொடர்ந்து பாடம் நடத்தினால் அதை யாராவது கல்வி என்று சொல்வார்களா?

இதில் விளையாட்டின் இன்பம் மட்டும் அடங்கியிருக்குமானால் நாம் இவ்வளவு எழுத மாட்டோம். சர்வகலாசாலைக் கோஷ்டிக்கு ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் இப்பந்தயங்களிலேயே அவர்களைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து தென் மண்டலப் பந்தயத்துக்கும், அதில் முதல் நான்கு இடங்களைப் பெற்றால் ஆசுதோஷ் முகர்ஜியின் பெயரால் வழங்கும் அகில இந்திய சர்வகலாசாலைக் கேடயப் பந்தயத்துக்கும் வழி திறக்கிறது. அதற்குமேல் ரயில்வே, பாங்குகள், சர்க்கார் இலாகாக்கள் ஆகியவற்றில் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய உத்தியோகங்களுக்கு இந்தச் சர்ட்டிபிகேட்டுகளே ஆதாரம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது சோற்று விஷயம். மழையால் சேறாகிப்போன ஒரு மாலையில், காய்ச்சலோடு ஆடிய ஒருவனின் வாழ்க்கை அந்த ஒரு மணி நேரத்தை வைத்தே நிர்ணயிக்கப்படுவது நியாயமாகாது.

நிற்க. கலாசாலைக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன பெரிய சம்பந்தம் என்று கேட்கிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. நமது தேசத்தில் இந்த ஆட்டம் வேரூன்றியதே கலாசாலை மைதானங்களில்தான் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். 1870-களின் இறுதியில் கல்கத்தாவில் நாகேந்திர பிரசாத் ஸர்வாதிகாரி என்ற இளைஞர் ஹேர் பள்ளித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பந்தை உதைக்கத் தொடங்கியபோது, அவர்களுக்கு ஆட்ட விதிகளைக் கற்பித்தவர் பிரஸிடென்ஸி கலாசாலையின் ஆசிரியராகிய ஓர் ஆங்கிலேயரே. 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆந் தேதி மோகன் பகான் கோஷ்டியார் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்துக் கேடயம் வென்ற கதையைத் தேசபக்தர் எவரும் மறந்திருக்க மாட்டார். பூட்ஸ் அணிந்த வெள்ளைச் சிப்பாய்களை எதிர்த்து வெறுங்காலுடன் ஆடிய அந்தப் பதினொருவரில் பூட்ஸ் அணிந்திருந்தவர் ஒருவரே. அவர் பாதிரியாராகவும் கலாசாலை ஆசிரியராகவும் இருந்த ஸுதீர் சாட்டர்ஜி. இந்நாளில் நமது கலாசாலைகளில் எத்தனை ஆசிரியர்கள் மாணாக்கரோடு மைதானத்தில் இறங்குகிறார்கள் என்று நாம் கேட்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கிறோம்.

நமது மாகாணத்தின் நிலையைப் பார்ப்போம். மாகாணங்களுக்கிடையே ஸந்தோஷ் கேடயப் பந்தயம் 1941-இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் தமிழ்நாடு அதை ஒருமுறைகூட வென்றதில்லை. 2012-இல் இறுதிப் பந்தயம் வரை சென்று, ராணுவ சர்வீஸ் கோஷ்டியிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. பெனால்டி என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1948-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியக் கோஷ்டி பிரான்சிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்ற பந்தயத்தில், நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. பன்னிரண்டு கஜ தூரத்திலிருந்து பந்தை வலைக்குள் உதைக்கத் தெரியாதவர்கள் அல்லர் நம்மவர்கள். ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தோல்வியும் வெற்றியும் ஓர் உதையில் தொங்கும்போது நெஞ்சு படபடக்காமல் இருப்பது தனியே கற்க வேண்டிய வித்தை. அது காலைப் பயிற்சியில் வராது. பந்தயத்துக்குமேல் பந்தயம் ஆடித்தான் வரும்.

அண்டை மாகாணமாகிய கேரளம் 1973-இல்தான் முதன்முதலாக ஸந்தோஷ் கேடயத்தை வென்றது. அதன் பிறகு பலமுறை வென்றிருக்கிறது. கோழிக்கோடு சர்வகலாசாலை அகில இந்திய சர்வகலாசாலைக் கேடயத்தையும் பன்முறை கைப்பற்றியிருக்கிறது. மலையாளிகளின் கால்களில் பிரம்மா தனியாக எதையும் வைத்துப் படைக்கவில்லை. அங்கே கலாசாலைப் பந்தயம் என்றால் ஊரே திரண்டு வருகிறது. இங்கே கோல் கம்பத்தின் பின்னால் நான்கு சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

வெளி தேசங்களின் அனுபவம் என்ன? அமெரிக்காவில் கலாசாலைப் பந்தாட்டம் 1869-ஆம் வருஷம் நவம்பர் 6-ஆந் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரு கலாசாலைகளுக்கிடையே ஆரம்பமாயிற்று. பின்னர் அது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டமாகவே மாறிப்போனாலும், அவர்கள் வகுத்த கால ஒழுங்கு கவனிக்கத்தக்கது. ஆகஸ்டு இறுதியில் தொடங்கிக் கிட்டத்தட்ட வாரந்தோறும் ஒரு பந்தயமாக, ஒவ்வொரு பெரிய சர்வகலாசாலையும் பன்னிரண்டு பந்தயங்கள் ஆடுகின்றது. முதல் வாரம் தோற்றவன் இரண்டாவது வாரம் தன் பிழையைத் திருத்திக்கொள்கிறான். அந்நாட்டில் இவ்விஷயத்தில் புகுந்துள்ள பண மோகத்தை நாம் சிறிதும் விரும்பவில்லை. பல ராஜ்யங்களில் சர்க்கார் சம்பளம் பெறுகிறவர்களில் அதிகம் பெறுபவர் பந்தாட்டப் பயிற்சியாளர் என்னும் விபரீதத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளின் வழக்கம் நமக்கு இன்னும் பொருத்தமானது. அங்கே புதன்கிழமைப் பிற்பகலை விளையாட்டுக்கென்று ஒழித்து விடுவது நெடுநாள் சம்பிரதாயம். சர்வகலாசாலைகளுக்கிடையேயான பந்தயங்கள் அந்தப் பிற்பகல்களிலேயே நடக்கின்றன. அதனால் படிப்பு கெட்டுப்போயிற்று என்று யாரும் சொல்லக் காணோம்.

இதை அப்படியே நமது மேற்குப் புறநகர்களில் செய்து பார்த்தால் என்ன? பத்துக் கலாசாலைகள் சேரட்டும். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு ஒருமுறை மோதினால் மொத்தம் 45 பந்தயங்கள். வாரம் ஒரு பிற்பகல், ஐந்து மைதானங்கள் என்று வைத்துக்கொண்டால் ஒன்பதே வாரங்களில் முடிந்துவிடும். ஜூலை இறுதியில் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை மைதானங்களை ஏரிகளாக்குவதற்கு முன்பே, செப்டம்பர் கடைசியில் முடித்துவிடலாம். சர்வகலாசாலையின் மண்டலப் பந்தயம் இதற்கு இடையூறாகாது. அதற்கு வேண்டிய பயிற்சியாகவே இது அமையும். ஒரே சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் வேண்டாம். சென்னை சர்வகலாசாலையைச் சேர்ந்த கலாசாலைகளும், அண்ணா சர்வகலாசாலையைச் சேர்ந்த இன்ஜினீயரிங் கலாசாலைகளும், தனித்து இயங்கும் நிகர்நிலை ஸ்தாபனங்களும் ஒரே சாலையில் அண்டை அயலாக இருந்துகொண்டு ஒன்றோடொன்று ஆடாமலிருப்பது வேடிக்கையாகவே இருக்கிறது.

படிப்பு கெடும் என்ற ஆட்சேபம் எழும். செமஸ்டர் முறையில் வருகைப் பதிவும், லாபரட்டரி வேலையும், இடைப் பரீட்சைகளும் மாணாக்கரை நெருக்குகின்றன என்பது மெய்யே. பந்தயத்துக்குப் போனவன் திரும்பி வந்து, வருகைக் குறைவுக்காக ஒவ்வோர் ஆசிரியர் அறையாகக் கடிதத்தை ஏந்திச் செல்லும் பரிதாபம் எந்தக் கலாசாலைக்கும் புதிதன்று. ஆனால் அந்தத் தொல்லைக்குக் காரணம் விளையாட்டன்று. விளையாட்டுக்கு என்று ஒரு நேரம் குறிக்காததே காரணம். புதன்கிழமை மூன்று மணிக்குமேல் எவருக்கும் வகுப்பில்லை என்று ஆகிவிட்டால் எவனும் எவரிடமும் கடிதம் நீட்ட வேண்டியதில்லை.

மைதானம் எங்கே என்பது அடுத்த கேள்வி. உண்மையில் கடினமான கேள்வியும் இதுவே. கட்டடத்துக்குமேல் கட்டடம் எழுப்பிக்கொண்டு, மைதானத்தைக் கார்களும் பஸ்களும் நிறுத்தும் இடமாக்கிவிட்ட கலாசாலைகள் உண்டு. மைதானம் வைத்திருப்பவர்களிலும் சிலர் அதன் நடுவே கிரிக்கெட் பிட்ச் ஒன்றைப் போட்டுவிட்டு, பூட்ஸ் கால் அதன்மேல் படலாகாது என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். கிரிக்கெட்டின்மேல் நமக்கு விரோதமில்லை; ஆனால் இருபத்திரண்டு கஜத்துக்காக நூறு கஜத்தையும் பூட்டி வைப்பது சரியாகாது. இப்பகுதியின் விசாலமான மைதானங்கள் தொழிற்சாலைகளின் வசமும் தேசப் பாதுகாப்புத் துறையின் வசமும் இருக்கின்றன. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தபோது, தொழிலாளர்களுக்கு வீடுகளோடு விளையாடும் இடங்களும் ஏற்படுத்தப்பட்டன. அத்தொழிற்சாலையும் படையுடைத் தொழிற்சாலையும் 2021 அக்டோபரில் சர்க்கார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டன. பெயர்ப் பலகை மாறினாலும் நிலம் பொதுஜனங்களின் நிலமே. வாரத்தில் ஒரு பிற்பகல், அதுவும் இரண்டு மாத காலத்துக்கு, அதிகாரிகளின் மேற்பார்வையில் மாணாக்கருக்கு அம்மைதானங்களைத் திறந்துவிடுவதால் தேசத்தின் டாங்கிகளுக்கு ஆபத்து ஒன்றும் நேர்ந்துவிடாது. ஆவடி மாநகராட்சியும், அம்பத்தூரைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட சென்னை மாநகராட்சியும் தங்கள் மைதானங்களில் இரண்டொன்றைச் செப்பனிட்டுக் கொடுக்கலாம். புல் வேண்டுமென்றுகூட நாம் கேட்கவில்லை. மேடு பள்ளம் சமன் செய்து, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் வலை கட்டிய கம்பங்களை நட்டுவிட்டால் போதும்.

பெண்களை இதில் மறந்துவிடக் கூடாது. ஆண்கள் ஒருமுறைகூடப் பெறாத தேசிய வெற்றியைத் தமிழ்நாட்டுப் பெண்கள் கோஷ்டி 2018-இல் மணிப்பூரை வென்றும், 2023-இல் ஹரியானாவை வென்றும் இருமுறை கொண்டுவந்திருக்கிறது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி போன்ற பெண்கள் இந்தியக் கோஷ்டியிலேயே இடம்பெற்று ஆடியவர்கள். அவ்வாறிருக்க, ‘முதலில் பையன்களுக்கு நடத்திப் பார்ப்போம், பெண்களுக்குப் பிறகு யோசிக்கலாம்’ என்று சொல்ல எவருக்கும் வாய் வரலாகாது. பத்துக் கலாசாலைகள் பெண்கள் கோஷ்டி அனுப்ப இயலாவிட்டால் ஆறு அனுப்பட்டும். ஆறு கோஷ்டிகளுக்கு 15 பந்தயங்களே ஆகும். அவையும் அதே புதன்கிழமைகளில், அதே மைதானங்களில், ஆண்களின் பந்தயத்துக்கு முன்னால் நடக்கட்டும். கூட்டம் சேர்வதற்கு முந்திய நேரத்தைப் பெண்களுக்கு ஒதுக்குகிறீர்களே என்று யாராவது ஆட்சேபித்தால், வாரம் விட்டு வாரம் வரிசையை மாற்றிக்கொள்வதிலும் நமக்குத் தடையில்லை.

செலவு பெரிதன்று. பந்துகளும், வலைகளும், மத்தியஸ்தர்களுக்குக் கொடுக்க வேண்டிய படியும், காயம் பட்டவனைத் தூக்கிச் செல்ல ஒரு வண்டியுமே வேண்டுவன. வருஷந்தோறும் மாணாக்கரிடம் விளையாட்டுக் கட்டணம் என்று வசூலிக்கும் தொகையில் இதற்கு இடமிருக்கும் என்றே நம்புகிறோம். இல்லையென்று சொல்லும் கலாசாலைகள் அத்தொகை எங்கே போகிறது என்பதை மாணாக்கருக்குக் கணக்குக் காட்டுவது நலம். பரிசுக் கேடயம் இரண்டாயிரம் ரூபாயில் இருந்தாலென்ன, இரண்டு லக்ஷத்தில் இருந்தாலென்ன?

தேகப்பயிற்சி ஆசிரியர்களில் பலர் இதற்கு மனமுவந்து முன்வருவார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அவர்கள் கையில் அதிகாரம் இல்லை. புதன்கிழமைப் பிற்பகலை விடுவிக்கும் அதிகாரம் பிரின்ஸிபால்களிடமும் நிர்வாகிகளிடமுமே இருக்கிறது. அடுத்த வருஷத்துப் பாடவேளை அட்டவணை அச்சாவதற்கு முன் அவர்களில் பத்துப் பேர் ஒரு மாலைப்பொழுது ஒன்றுகூடிப் பேசினால் காரியம் முடிந்துவிடும். எங்கே கூடுவது என்ற கவலை வேண்டாம். 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடி, தேசத்தின் பொருளாதாரப் போக்கையே தீர்மானித்த ஊர் ஆவடி. பத்துப் பிரின்ஸிபால்கள் உட்கார அங்கே நிச்சயமாக நாற்காலிகள் கிடைக்கும்.