மண்டி திறந்தார்கள், சில்லறைக் கடை எங்கே?



சென்ற செயற்குழுக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர், "போனில் வைத்தியம் பார்க்கவா நம் வரிப்பணத்தைக் கொட்டினார்கள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டோம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஆகவே இதை எழுதுகிறோம்.

கொரோனா காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஊரே கதவடைத்துக் கிடந்தபோது அத்தியாவசியப் பண்டம் என்ற பெயரில் நம் கடைகள் மட்டும் திறந்திருந்தன. கோயம்பேட்டில் நோய் பரவி 2020 மே 5ஆம் தேதி மார்க்கெட்டையே மூடியதும், காய்கறி வியாபாரிகள் திருமழிசைக்குப் போனதும் நாம் அறிந்ததே. கல்லாவில் உட்கார்ந்தவனுக்கும் பயம், மூட்டை இறக்கியவனுக்கும் பயம். லேசாக இருமினாலும் பார்க்க டாக்டர் இல்லை. தெருவில் இருந்த கிளினிக்குகளில் பாதி பூட்டிக் கிடந்தன.

அந்த நேரத்தில் அரசு செய்ததை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25ஆம் தேதியே, டாக்டர்கள் தொலைபேசி வழியாகவும் வீடியோ வழியாகவும் எப்படி வைத்தியம் பார்க்கலாம், எந்த மருந்தை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்ற விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. ஏப்ரல் 13ஆம் தேதி, வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் 'இ-சஞ்சீவனி' சேவை தொடங்கியது. அதை அமைத்தது சி-டாக் என்னும் அரசு நிறுவனம்தான். நோயாளிக்கு ஒரு பைசா செலவில்லை.

நம் கடைக் கணக்குப்பிள்ளை சர்க்கரை வியாதிக்காரர். அந்த ஜூன் மாதம் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது அவருடைய மாத்திரை தீர்ந்துபோயிற்று. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. அவர் மகன் போனில் பதிவு செய்து கொடுக்க, முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு டாக்டர் அம்மா பேசினார். சர்க்கரை அளவைக் கேட்டார், காலில் புண் இருக்கிறதா என்று கேட்டார், மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிட்டது. முதல் மருந்துக் கடையில் அந்தச் சீட்டு செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது கடையில் கொடுத்தார்கள். கணக்குப்பிள்ளை இன்றும் நம்மோடு இருக்கிறார்.

அதே மாதம் நடந்த இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம்மிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் மூட்டை தூக்கிய ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. "ரெண்டு நாள்ல வந்துடறேன் முதலாளி" என்று தன் பட்டன் போனில் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனால் தனியாகப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே படுத்திருந்தார். ஆறாம் நாள் மூச்சுத் திணறி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அந்த ஆறு நாளும் நம் கடையில் மூன்று பெரிய போன்கள் இருந்தன. பருப்பு விலையும் எண்ணெய் விலையும் கேட்டுக்கொண்டிருந்தோமே தவிர, அதில் ஒன்றை ஒரு பையனிடம் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. கணக்குப்பிள்ளைக்கு ஒரு மகன் இருந்தான், இவருக்கு அப்படி ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போனில் பேசிய டாக்டர் அவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்திருக்க முடியாதுதான். ஆனால் "உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று இரண்டாம் நாளே சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அரசு பணம் கொடுத்தது என்று நாம் நினைக்கிறோம்.

பணம் எவ்வளவு என்றும் பார்ப்போம். கொரோனா அவசர நிதியாக மத்திய அரசு 2020 ஏப்ரலில் 15,000 கோடி ரூபாய் அறிவித்தது. 2021 ஜூலை 8ஆம் தேதி இரண்டாவது தவணையாக 23,123 கோடி அறிவித்தது. அதில் மாநிலங்களின் பங்கு 8,123 கோடி. தொலை மருத்துவம் இதில் ஒரு பகுதிதான். நாளொன்றுக்கு 50,000 பேர் பேசிவந்த இ-சஞ்சீவனியை 5 லட்சம் பேர் பேசும்படி பெருக்குவதும், மாவட்டந்தோறும் டாக்டர்கள் உட்காரும் மையங்களைப் பலப்படுத்துவதும் அதன் நோக்கம். திட்டத்துக்கு வைத்த கெடு 2022 மார்ச் 31.

வியாபாரிக்குப் புரியும்படி சொன்னால், அரசு நல்ல மண்டி ஒன்றைத் திறந்தது. சரக்கு தரமானது, விலையும் இல்லை. ஆனால் மண்டியில் சரக்கு குவிந்தால் மட்டும் வீட்டு அடுப்பில் குழம்பு கொதிக்குமா? தெருமுனையில் சில்லறைக் கடை வேண்டும். பெரிய போன் வைத்திருந்தவன் நேரே மண்டிக்குப் போனான். இல்லாதவன் வீட்டில் படுத்துக்கொண்டான்.

சில்லறைக் கடை என்று ஒன்று இல்லாமலும் இல்லை. துணை சுகாதார நிலையத்தில் ஓர் ஊழியர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லி, டாக்டரோடு பேச வைக்கும் முறை 2019 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. 2023 பிப்ரவரியில் இ-சஞ்சீவனியின் கணக்கு 10 கோடியைத் தாண்டியபோது, அதில் மிகப் பெரும் பங்கு இந்த வழியாக வந்ததுதான். ஆள் இருந்தால் சரக்கு போகிறது. ஆனால் அந்த நிலையங்கள் திறந்திருக்கும் பகல் நேரத்தில்தான் நம் வீதிகளில் லாரி நிற்கிறது. கூலியை விட்டுவிட்டு எந்தத் தொழிலாளி போவான்? கடையை விட்டுவிட்டு நாம்தான் போவோமா?

நம் கோபம் இன்னொன்றிலும் இருக்கிறது. அவசர நிதி என்றால் அவசரம் முடிந்ததும் நிதியும் முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2020 மார்ச்சில் தற்காலிகமாக என்று தொலை மருத்துவத்துக்கு அரசு காப்பீட்டில் பணம் கொடுக்கத் தொடங்கியவர்கள், 2022 ஜனவரி முதல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இங்கேயும் இ-சஞ்சீவனி நிற்கவில்லை, நல்லது. ஆனால் நோயாளி பக்கத்தில் உட்காரும் ஆளுக்கான சம்பளம் வருடாந்திர பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். அடுத்த நோய் வந்த பிறகு ஆள் தேடினால் ஆறு நாள் போய்விடும்.

ஆன்லைன் வியாபாரத்தை எதிர்த்துத் தீர்மானம் போடுகிற நீங்களா போன் வைத்தியத்துக்குக் கொடி பிடிப்பது என்று சிலர் கேட்கலாம். ஆன்லைன்காரன் நம் வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டு போகிறான், இது நம் ஆளிடம் டாக்டரைக் கொண்டுவருகிறது. இரண்டையும் ஒரே தராசில் போட நமக்கு மனம் இல்லை.

மொத்த வியாபாரம் நடக்கும் வீதிகளில் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை ஒரு செவிலியர், ஒரு போன், ஒரு பி.பி. கருவி, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி. இதைக் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். இடம் இல்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சங்கக் கட்டிடத்தின் மாடி அறை மூன்று வருடமாகப் பழைய நாற்காலிகளோடு பூட்டிக் கிடக்கிறது. கரண்ட் பில்லைச் சங்கம் கட்டட்டும். நாற்காலிகளை எடுத்துப் போட நம் கிடங்கில் இடம் இருக்கிறது.